மலிந்த நிலமும் பெயர்ந்த குடிகளும்
நியூ இங்கிலாந்துப் புலப்பெயர்வு பற்றிய ஒரு நோக்கு (1780 – 1850)

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2020 ஆம் ஆண்டு எடுக்கப்பெற்ற குடிசன மதிப்பின் பயனாகக் கலிபோர்னியா மாநிலம் காங்கிரசின் கீழ்ச்சபையில் தனக்கிருந்த ஆசனங்களுள் ஒன்றை இழந்தது. 1850 இல் அது மாநிலமான நாள் முதலாக இவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறையாகும். அதே வேளை ரெக்சாஸ் மாநிலம் ஈர் ஆசனங்களைப் புதிதாகப் பெற்றது. வீட்டு விலையும் வாடகையும் தாங்கவொண்ணா நிலையை அடைந்தமையால் இளந்தம்பதியர் பலர் பிறந்த மாநிலத்தைவிட்டு மலிவான மாநிலங்களை நாடிச் சென்றமை இம்மாற்றத்துக்கான காரணங்களுள் ஒன்றென எடுத்துக்காட்டப்பட்டது. இதனைப் புதியதொரு நிகழ்ச்சி போலக் கூறுவாரும் உளர். ஆயின் அந்நாட்டின் வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு இஃது அதன் முதற் பக்கங்களிலேயே எழுதப்பட்டிருக்கும் ஒரு கதை என்பது புலனாகும். அக்கதையின் தொடக்கம் கலிபோர்னியாவில் அன்று, வடகீழ்க் கரையில் உள்ள மசச்சூசெற்ஸ், கனெற்றிக்கட், வேர்மொன்ற் முதலிய நியூ இங்கிலாந்து மாநிலங்களிலேயே காணப்படுகின்றது.

இப்புலப்பெயர்வுக்கு வரலாற்றாசிரியர் கூறிவந்த விளக்கங்களுள் பெருஞ் செல்வாக்குப் பெற்றது பிரடெரிக் ஜக்சன் ரேணர் என்பார் 1893 இல் முன்வைத்த கொள்கையாகும். மேற்கே விரிந்து கிடந்த வெற்று நிலமும் அந்நிலத்தை நோக்கி மக்கள் இடையறாது நகர்ந்தமையுமே அமெரிக்க மக்களின் குணவியல்பையும் சனநாயகத்தையும் உருவாக்கின என்பது அவர் கருத்து. இக்கருத்தில் உண்மை முற்றாக இல்லையெனக் கூறிவிட முடியாது. எனினும் இரு வினாக்களுக்கு அது விடையளிப்பதாயில்லை. பிறந்த மண்ணில் வேரூன்றி வாழ்ந்த குடிகளின் பிள்ளைகள் அம்மண்ணை ஏன் விட்டனர் என்பது ஒன்று. மேற்கு நிலம் மலிவாயிருந்தது எதனால் என்பது மற்றொன்று. இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலம் குறுகிய வரலாறு

பதினேழாம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்தில் குடியேறிய ஆங்கிலேயர் ஊர் ஊராகவே நிலம் பெற்றனர். ஊர்ச்சபை தன் எல்லைக்குட்பட்ட நிலத்தைக் குடும்பங்களுக்குச் சிறிது சிறிதாகப் பகிர்ந்தளித்தது. நிலம் மிகுதியாகவும் மக்கள் சிலராகவும் இருந்த வரை இம்முறை இடரின்றி நடைபெற்றது. மசச்சூசெற்சில் உள்ள டெடம் என்னும் ஊரின் பழைய பதிவேடுகளை ஆராய்ந்த கெனத் லொக்ரிட்ச், முதற் தலைமுறையினர் ஒவ்வொருவரும் ஏறத்தாழ 150 ஏக்கர் நிலத்துக்கு உரியவராயிருந்தனர் என்றும், பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் அது 50 ஏக்கருக்கும் குறைந்துவிட்டது என்றும் காட்டியுள்ளார். அந்த ஐம்பதிலும் ஒரு பகுதி காடு, ஒரு பகுதி பாறை, ஒரு பகுதி மேய்ச்சல் நிலம். உழுதற்குரிய நிலம் சில ஏக்கர்களே.

இக்குறுக்கத்துக்குக் காரணம் பெருங்குடும்பமும் மரபுரிமை முறையுமாகும். இங்கிலாந்தின் உயர்குடிகளிடையே மூத்த மகனே நிலம் முழுவதையும் பெறும் வழக்கம் நிலவியது. நியூ இங்கிலாந்திலோ உறுதி எழுதாது இறந்தவரின் சொத்துப் பிள்ளைகள் எல்லோர்க்கும் பங்கிடப்பட்டது. மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு என்ற விதி மசச்சூசெற்சில் 1789 இல் நீக்கப்பட்டது. அறத்தின் கண்கொண்டு நோக்கின் இது போற்றத்தக்க சமத்துவமாகும். ஆனால் ஆறேழு பிள்ளைகள் உயிரோடு வளர்ந்த வீடுகளில் மூன்று தலைமுறை இவ்வாறு பங்கிட்டால் எஞ்சுவது குடும்பத்தைத் தாங்காத துண்டு நிலமே. இதனை உணர்ந்த தந்தையர் பலர் ஒருவனுக்கோ இருவருக்கோ நிலத்தைக் கொடுத்து, ஏனையோரைப் பணத்தோடோ கைத்தொழிலோடோ வெளியே அனுப்பினர். எனவே சமபங்கு என்பது சட்டத்தில் வலுப்பெற்ற காலத்திலேயே நடைமுறையில் அது நிறைவேற்ற முடியாததாயிற்று.

இந்நிலைமை திருமணத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. அந்தோவர் என்னும் ஊரின் நான்கு தலைமுறைகளைப் பற்றிப் பிலிப் கிறீவன் 1970 இல் வெளியிட்ட ஆய்வு, நிலத்துக்கும் தந்தையின் அதிகாரத்துக்கும் இடையிலிருந்த பிணைப்பை நன்கு விளக்குகின்றது. தந்தை தான் இறக்கும் வரை நிலத்தின் உரிமையைக் கைவிடாதிருந்தமையால் ஆண்மக்கள் இருபத்தாறு, இருபத்தேழு வயது வரை மணம் முடிக்காது காத்திருந்தனர். மணம் முடித்த பின்னரும் தந்தையின் நிலத்திலேயே உழைத்தனர். பின்வந்த தலைமுறைகளில், தந்தையிடம் கொடுப்பதற்கு நிலமே இல்லாதபோது, இப்பிணைப்புத் தளர்ந்தது. காத்திருப்பதனாற் கிடைக்கப்போவது யாதுமில்லை என அறிந்த மகன் விரைவில் மணம் முடித்தான். மணம் முடித்தவன் ஊரைவிட்டுப் போனான். ஆகவே புலப்பெயர்வு தந்தைசொல் தட்டிய பிள்ளைகளின் செயல் என்பதினும், தந்தையின் கை வெறுமையானதன் விளைவு என்பதே பொருத்தமாகும்.

இக்காலத்தில் மண்ணின் வளமும் குன்றியிருந்தது. ஒரே நிலத்தை எருவின்றித் தொடர்ந்து உழுததால் விளைச்சல் வீழ்ந்தது. ஆயின் நிலத்தின் விலை வீழவில்லை. மக்கட்டொகை பெருகப் பெருக அது ஏறியே வந்தது. விளைவு குறைய விலை ஏறிய இம்முரண்பாடே இளந்தம்பதியர் எதிர்கொண்ட நெருக்கடியின் சாரமாகும்.

கடன், வரி, போர்வீரர்

விடுதலைப் போர் முடிந்த பின்னர் இந்நெருக்கடி மேலும் முற்றியது. போர்க்கடனை அடைப்பதற்காக மசச்சூசெற்ஸ் அரசு விதித்த வரிகளை நாணயமாகவே செலுத்த வேண்டியிருந்தது. கையில் நாணயம் இல்லாத உழவர் கடன்பட்டனர். கடன்பட்டோர் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டனர். 1786 இல் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் டானியல் சேய்ஸ் என்ற முன்னாட் படைத்தலைவரின் பெயரால் எழுந்த கிளர்ச்சி இதன் வெளிப்பாடாகும். கிளர்ச்சி 1787 இல் அடக்கப்பட்டது. சேய்சும் வேர்மொன்றுக்குத் தப்பிச்சென்று, ஈற்றில் நியூயோர்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியிற் குடியேறி 1825 இல் அங்கேயே இறந்தார். தன் மாநிலத்தில் நிலத்தைக் காப்பாற்றப் போராடியவர் பிறமாநிலத்தில் நிலந்தேடிச் சென்றமை அவர் தலைமுறையின் கதையைச் சுருங்கக் கூறுவதாகும்.

கிளர்ச்சி வெடித்த அதே 1786 ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தில் பொஸ்ரன் நகரத்து விடுதியொன்றிற் கூடிய முன்னாட் படையினர் சிலர் ‘ஒகையோக் கம்பனி’யை நிறுவினர். றூபஸ் பற்னம் என்ற தளபதியும் மனாசே கற்லர் என்ற மதகுருவும் அதன் முதல்வர்களாவர். போர்க்காலச் சேவைக்குச் சம்பளமாக இப்படையினர்க்குக் கிடைத்தவை மதிப்பிழந்த கடன் சான்றிதழ்களே. அச்சான்றிதழ்களை நிலமாக மாற்றுவது அவர்தம் திட்டம். 1787 இல் காங்கிரசுடன் செய்த ஒப்பந்தத்தின்படி ஏக்கர் ஒன்று பெயரளவில் ஒரு டொலராக 15 இலட்சம் ஏக்கர் பேசப்பட்டது. சான்றிதழ்களின் உண்மைப் பெறுமதியை நோக்கின் ஏக்கர் ஒன்று சில சதங்களுக்கே கிடைத்தது. 1788 ஏப்பிரல் 7 ஆம் நாள் பற்னத்தின் தலைமையில் ஒரு சிறு கூட்டம் ஒகையோ ஆற்றங்கரையில் இறங்கி மரியெற்றா என்னும் ஊரை அமைத்தது. முதலில் வந்தோர் ஆடவரே. அவ்வாண்டிலேயே குடும்பங்களும் வரத் தொடங்கின.

மலிவு உருவாக்கப்பட்ட முறை

இவ்விடத்தில் இரண்டாவது வினா எழுகின்றது. மேற்கு நிலம் ஏன் மலிவாயிருந்தது? அது வெற்று நிலமாக இருந்ததனால் என்பது வழக்கமான விடை. இவ்விடை பொருந்தாது. ஒகையோப் பள்ளத்தாக்கு ஷோனி, டெலவெயர், மயாமி, வயண்டொற் முதலிய சுதேச மக்களின் ஊர்களும் சோள வயல்களும் நிறைந்த நாடாக விளங்கியது. நியூயோர்க்கின் மேற்குப் பகுதி இறொக்குவா மக்களுக்கு, சிறப்பாகச் செனெக்கா மக்களுக்கு, உரியது. 1779 இல் தளபதி சலிவனின் படை அப்பகுதியிற் புகுந்து ஊர்களையும் களஞ்சியங்களையும் பழத்தோட்டங்களையும் எரித்தழித்தது. அப்படையில் இருந்த நியூ இங்கிலாந்து வீரர்கள் எரிந்துகொண்டிருந்த வயல்களின் வளத்தைக் கண்டு வியந்தனர். போர் முடிந்ததும் உழவராய் அவ்விடத்துக்கு மீண்டோரும் அவர்களுள் இருந்தனர்.

ஒகையோவில் எதிர்ப்பு வலுவாகவே இருந்தது. 1791 இல் தளபதி சென்ற் கிளேயரின் படையைச் சுதேச மக்களின் கூட்டணி முறியடித்தபோது அறுநூறுக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினர் மாண்டனர். ஆயின் 1794 இல் அந்தனி வேய்னின் படை வெற்றிபெற்றது. அடுத்த ஆண்டு கிறீன்வில் உடன்படிக்கையின் வாயிலாக இன்றைய ஒகையோ மாநிலத்தின் பெரும்பகுதி அமெரிக்க அரசின் கைக்கு மாறியது. அதே 1795 இல் கனெற்றிக்கட் மாநிலம், ஈரி ஏரிக்கரையில் தனக்கு உரிமை கோரிய முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட ஏக்கர் நிலத்தை 12 இலட்சம் டொலருக்குத் தனியார் கம்பனியொன்றுக்கு விற்றது. அப்பணம் கனெற்றிக்கட்டின் பாடசாலை நிதியாக வைக்கப்பட்டது. ஒருவர் நாட்டை இழந்ததன் பெறுபேறு மற்றொருவர் பிள்ளையின் பள்ளிச் செலவாயிற்று.

இவ்வாறு பெறப்பட்ட நிலத்தை அரசு அளந்து, கூறாக்கி, விலை குறித்து விற்றது. 1785 ஆம் ஆண்டுக் கட்டளை நிலத்தை ஆறு மைல் சதுர ஊர்களாகவும், ஒவ்வோர் ஊரையும் 640 ஏக்கர் கொண்ட 36 பிரிவுகளாகவும் வகுத்தது. பதினாறாம் பிரிவு பாடசாலைக்கென ஒதுக்கப்பட்டது. ஆயினும் 640 ஏக்கரை ஒருங்கே வாங்குதல் ஏழை உழவனால் இயலாத காரியம். ஆகவே தொடக்கத்தில் ஊகவாணிகரே நயமடைந்தனர். 1800 ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்ச அளவை 320 ஏக்கராகவும், 1804 ஆம் ஆண்டுச் சட்டம் 160 ஏக்கராகவும் குறைத்தன. விலை ஏக்கருக்கு 2 டொலர். காற்பங்கை முதலிற் செலுத்தி எஞ்சியதைச் சில ஆண்டுத் தவணைகளிற் செலுத்தலாம்.

இதன் பொருளைக் கணக்கிட்டு நோக்குதல் தகும். 160 ஏக்கரின் விலை 320 டொலர். முதற்காற்பங்கு 80 டொலர். அக்காலத்தில் பண்ணைக் கூலியாளுக்கு உணவும் உறையுளும் நீங்கலாக மாதமொன்றுக்குக் கிடைத்த கூலி ஏறத்தாழ 10 டொலர். ஆகவே எட்டு மாதக் கூலியைச் சேமித்த ஓர் இளைஞன் தன் பாட்டன் ஒருகால் ஆண்ட அளவு நிலத்துக்கு உரிமை கோரலாம். தந்தையின் ஊரில் ஆயுள் முழுவதும் உழைத்தாலும் கிட்டாத ஒன்று எட்டு மாதத்திற் கிட்டியது. இக்கணக்கைக் கூலிக்கு உழைத்தோர் யாவரும் மனத்தளவில் போட்டிருப்பர் என்பதில் ஐயமில்லை. அதேவேளை, எஞ்சிய 240 டொலர் கடனாய்க் கழுத்தில் தொங்கியது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1816: கோடையற்ற ஆண்டு

இவ்வாறு நிலமும் விலையும் மக்களை நெடுங்காலம் தள்ளிக்கொண்டிருக்க, இயற்கை திடீரென ஓர் உந்துதல் கொடுத்தது. 1815 ஏப்பிரலில் இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசும் வாயுவும் வளிமண்டலத்திற் பரந்து வெயிலை மறைத்தன. மறு ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் நியூ இங்கிலாந்திற் பனி பெய்தது. யூலையிலும் ஓகத்திலும் உறைபனி பயிரைக் கருக்கியது. சோளம் முற்றவில்லை. வைக்கோல் இன்றி மாடுகள் மெலிந்தன. காரணம் யாதென அன்று எவரும் அறிந்திலர். அவர்கள் அறிந்ததெல்லாம் மேற்கே நிலம் உண்டு என்பதே. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் மேற்கு நோக்கிச் சென்ற வண்டிகளின் தொகையைக் கண்டோர் இதனை ‘ஒகையோக் காய்ச்சல்’ என்றே அழைத்தனர்.

அவ்வாறு சென்றோருள் ஒரு தம்பதியரின் வரலாறு, மனைவி பிற்காலத்திற் கூறிய நினைவுக் குறிப்புகளின் வழி நமக்குக் கிடைத்துள்ளது. யோசப் சிமித் என்பாரும் லூசி மக் என்பாரும் 1796 சனவரியில் வேர்மொன்ற் மாநிலத்தில் மணம் முடித்தனர். மணமகனுக்கு வயது 24, மணமகளுக்கு 20. லூசிக்குத் திருமணப் பரிசாக 1000 டொலர் கிடைத்தது. கணவருக்குத் தந்தைவழி நிலம் இருந்தது. ஆகவே தொடக்கத்தில் வறியவர் எனக் கூறமுடியாத நிலையினர். சீனாவுக்குச் சின்செங் வேர் ஏற்றுமதி செய்யும் முயற்சியில் முதலை இழந்த அவர்கள் கடனை அடைக்கத் தம் நிலத்தை விற்றனர். அதன்பின் வாடகை நிலங்களில் ஊர் ஊராக அலைந்தனர். தொடர்ந்து மூன்று முறை விளைவு பொய்த்தது. 1816 இல் கணவர் முன்னதாக நியூயோர்க்கின் மேற்கிலுள்ள பல்மைரா என்ற ஊருக்குச் சென்றார். லூசி எட்டுப் பிள்ளைகளோடு குளிர்காலப் பாதையில் அவரைத் தொடர்ந்தார். சேர்ந்தபோது அவர் கையில் எஞ்சியிருந்தவை சில சதங்களே.

அங்கு அவர்கள் நூறு ஏக்கரளவு காட்டு நிலத்தைத் தவணை முறையில் வாங்கி, மரம் தறித்து, வீடு கட்டினர். ஆயின் தவணையை முற்றாகச் செலுத்த முடியாது 1825 இல் அந்நிலத்தின் உரிமையையும் இழந்து, தாம் திருத்திய நிலத்திலே தாமே வாடகைக் குடியாயினர். 1831 இல் அக்குடும்பம் மீண்டும் பெயர்ந்து ஒகையோவுக்குச் சென்றது. அக்குடும்பத்தில் தந்தையின் பெயரையே தாங்கிய மகன் மோர்மன் சமயத்தை நிறுவியவராதலின் இவ்வரலாறு காக்கப்பட்டது. இதனையொத்த எத்தனையோ குடும்பங்களின் வரலாறு ஏட்டில் ஏறாது மறைந்தது. மலிவு நாடிச் சென்றோர் எல்லோரும் நிலவுடைமையாளர் ஆகவில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

சென்றோரும் நின்றோரும்

புலம்பெயர்ந்தோரின் தொகை சிறிதன்று. ஒகையோவின் மக்கட்டொகை 1800 இல் 45 ஆயிரம். 1810 இல் அது 2 இலட்சத்து 30 ஆயிரமாகவும், 1820 இல் 5 இலட்சத்து 80 ஆயிரமாகவும் உயர்ந்தது. அவர்களுள் வேர்ஜீனியா, பென்சில்வேனியா முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரும் பலராவர். எனினும் ஏரிக்கரையை ஒட்டிய வடகீழ்ப் பகுதி பெரும்பாலும் கனெற்றிக்கட் மக்களாலேயே நிறைந்தது. கனெற்றிக்கட்டின் நிலையோ இதற்கு மறுதலையானது. 1790 இல் 2 இலட்சத்து 38 ஆயிரமாயிருந்த அதன் மக்கட்டொகை முப்பது ஆண்டுகளின் பின் 2 இலட்சத்து 75 ஆயிரமாகவே இருந்தது. அதே முப்பது ஆண்டுகளில் நாடு முழுவதன் மக்கட்டொகை இரண்டரை மடங்களவு பெருகியது. பிறப்பு விகிதம் உயர்ந்திருந்த ஒரு மாநிலம் வளராது நின்றதெனின், பிறந்தோர் எங்கே சென்றனர் என்பதைக் கூற வேண்டியதில்லை.

பெண்கள் இப்பெயர்ச்சியில் பட்ட பாடு தனியே நோக்கத்தக்கது. அக்காலச் சட்டப்படி மணமான பெண்ணின் உடைமை கணவனுக்கே உரியது. செல்வதா நிற்பதா என்னும் முடிவும் அவனுடையதே. தாயையும் தமக்கையையும் மகப்பேற்றுக்கு உதவும் அயற்பெண்களையும் விட்டு, ஆறு வாரமளவு மாட்டு வண்டியில் பயணஞ் செய்து, அயல்வீடு கண்ணுக்கெட்டாத காட்டில் முதற்பிள்ளையைப் பெற்றெடுத்தோர் பலர். ஒரு குடும்பம் ஓராண்டு முழுவதும் உழைத்துத் திருத்தக்கூடிய காடு ஐந்து முதல் பத்து ஏக்கர் மட்டுமே. ஆற்றுப்படுகைகளில் மலேரியாக் காய்ச்சல் ஆண்டுதோறும் வாட்டியது. நிலத்தின் விலை டொலரில் மலிவாயிருந்ததேயன்றி உடலுழைப்பில் மலிவாயிருக்கவில்லை.

ஊரில் நின்றோரின் நிலையும் மகிழ்ச்சிக்குரியதாயில்லை. பிள்ளைகளில் ஒருவனையேனும் முதுமைக்குத் துணையாக நிறுத்துதற்குப் பெற்றோர் நிலவுறுதியில் நிபந்தனை எழுதினர். தாய்க்கு இத்தனை விறகு, இத்தனை தானியம், ஓர் அறை எனக் கணக்கிட்டு எழுதப்பெற்ற உறுதிகள் பல அம்மாநிலங்களின் பதிவேடுகளில் உள்ளன. இளைஞர் மேற்கே சென்றமையால் மணம் முடிக்காத பெண்கள் மிகுந்தனர். 1820 களில் லோவெல் நகரத்து நெசவாலைகள் தொடங்கியபோது அவற்றுக்கு வேண்டிய தொழிலாளரை இப்பெண்களிலிருந்தே பெற முடிந்தது.

1825 இல் ஈரிக் கால்வாய் திறக்கப்பட்டமை இக்கதையில் ஒரு திருப்பமாகும். அல்பனியிலிருந்து பவலோ வரை 363 மைல் நீண்ட இக்கால்வாய், பவலோவிலிருந்து நியூயோர்க் நகருக்கு ஒரு தொன் சரக்கு ஏற்றும் செலவை 100 டொலரளவிலிருந்து 10 டொலரளவுக்குக் குறைத்தது. மேற்கின் கோதுமை கிழக்கின் சந்தைகளை நிறைத்தது. கல் நிலத்தை உழுது கொண்டிருந்த வேர்மொன்ற் உழவன் அதனோடு போட்டியிட இயலாது தவித்தான். சென்ற மகன் விளைத்த மலிவான கோதுமையே நின்ற மகனின் வாழ்வைக் குலைத்தது எனின் அது மிகையாகாது. உழவுநிலங்கள் ஆட்டு மேய்ச்சல் நிலங்களாயின. 1840 இல் வேர்மொன்றில் மக்கள் 2 இலட்சத்து 92 ஆயிரம், செம்மறியாடுகளோ 16 இலட்சத்துக்கும் மேல். ஆடு வளர்ப்புக்கு நிலம் மிகுதியாகவும் ஆள் குறைவாகவும் தேவைப்பட்டமையால் சிறுநிலங்களைப் பெரியோர் வாங்கினர். விற்றோர் மேற்கே சென்றனர். 1850 அளவில் வேர்மொன்றிற் பிறந்து உயிரோடிருந்தோரில் ஐந்தில் இருவர் பிற மாநிலங்களில் வாழ்ந்தனர்.

யாழ்ப்பாணத் தொடர்பு

நியூ இங்கிலாந்தின் இளந்தலைமுறை மேற்கே மட்டும் செல்லவில்லை என்பது நமக்கு நினைவுகூரத்தக்கது. 1810 இல் நிறுவப்பட்ட அமெரிக்க மிசன் சங்கம் அனுப்பிய இளங்குருமார் தம் மனைவியருடன் 1815 ஒற்றோபரில் மசச்சூசெற்சின் நியூபரிப்போட் துறையிற் கப்பலேறி, 1816 இல் இலங்கையை அடைந்தனர். கோடையற்ற அவ்வாண்டில், ஊரார் ஒகையோவுக்கு வண்டி பூட்டிய வேளையில், டானியல் பூவர் தெல்லிப்பழையில் தம் பணியைத் தொடங்கினார். அவருக்குப் பின்வந்த மிரொன் வின்சுலோ வேர்மொன்றிற் பிறந்தவர். அவர் மனைவி கரியற் லத்துறொப் கனெற்றிக்கட்டைச் சேர்ந்தவர். 1819 இல் மணம் முடித்து அவ்வாண்டிலேயே கப்பலேறிய இத்தம்பதியர் 1820 இல் யாழ்ப்பாணம் வந்தனர். உடுவிலில் 1824 இல் மகளிர் விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய கரியற் 1833 இல் இங்கேயே இறந்தார். வின்சுலோவின் பெயரோ 1862 இல் வெளிவந்த தமிழ்–ஆங்கில அகராதியால் நிலைத்தது.

இவர்களைப் பெயரச் செய்தது நிலவிலை அன்று, சமயப் பற்றே. ஆயினும் ஊரில் நின்று நிலமாளுதல் இனி வாழ்வின் இயல்பான வழியன்று என்றாகிவிட்ட ஒரு சமுதாயத்தின் பிள்ளைகள் அவர்கள். சென்ற இடமெல்லாம் ஊர்க் கோயிலையும் பள்ளியையும் கல்லூரியையும் மீளக் கட்டியெழுப்பும் பழக்கம் இரு திசையினர்க்கும் பொதுவாயிருந்தது. கனெற்றிக்கட் குடியேறிகள் ஒகையோவின் ஹட்சன் ஊரில் 1826 இல் ஒரு கல்லூரியை நிறுவினர். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, 1823 இல், வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்து நவீன கல்வியின் வரலாற்றை எழுதுவோர் நியூ இங்கிலாந்தின் நில வரலாற்றையும் ஒருகால் நோக்குதல் பயனுடைத்து.

மலிவு நிலைத்ததா?

ஒகையோ நெடுநாள் மலிவாயிருக்கவில்லை. தவணைக் கடனில் நிலம் வாங்கியோர் 1819 ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியில் நிலைகுலைந்தனர். அப்போது நிலம் வாங்கியோர் அரசுக்குச் செலுத்த வேண்டியிருந்த கடன் 2 கோடி டொலருக்கும் மேற்பட்டதாகும். 1820 இல் தவணை முறை ஒழிக்கப்பட்டு, விலை ஏக்கருக்கு ஒன்றேகால் டொலராகவும் குறைந்தபட்ச அளவு 80 ஏக்கராகவும் ஆக்கப்பட்டன. 100 டொலர் கையில் உள்ளவன் நிலம் பெறலாம். இல்லாதவன் கூலியாளாகவோ வாடகைக் குடியாகவோ நிற்க வேண்டும். 1850 இல் ஒகையோ ஏறத்தாழ 20 இலட்சம் மக்களோடு நாட்டின் மூன்றாவது பெரிய மாநிலமாயிற்று. அதற்குள் அங்குப் பிறந்த பிள்ளைகள் இந்தியானா, இலினோய், அயோவா என மேலும் மேற்கே பெயரத் தொடங்கிவிட்டனர். 1787 ஆம் ஆண்டு வடமேற்குக் கட்டளை புதிய நாட்டுக்கும் சமபங்கு மரபுரிமையையே விதித்திருந்தது. டெடத்தில் நான்கு தலைமுறையில் நிகழ்ந்தது ஒகையோவில் இரண்டு தலைமுறையில் நிகழ்ந்தது. ஒகையோவில் எஞ்சியிருந்த சுதேச மக்களுள் இறுதியாக வயண்டொற் மக்கள் 1843 இல் மேற்கே அனுப்பப்பட்டனர். அவர்களின் பெயர்ச்சிக்கு ‘காய்ச்சல்’ என்று எவரும் பெயரிடவில்லை.

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிபுகள் இரண்டு. முதலாவது, இளந்தம்பதியர் பிறந்த மாநிலத்தைவிட்டுப் பெயர்ந்தமை வெறும் துணிகர உணர்ச்சியால் நிகழ்ந்ததன்று. மணம், மரபுரிமை, கடன், விலை ஆகியவை ஒன்றோடொன்று பின்னிய ஒரு சமுதாய அமைப்பு அவர்களை வெளித்தள்ளியது. இரண்டாவது, மலிவு என்பது நிலத்தின் இயற்கைக் குணம் அன்று. படையெடுப்பாலும் உடன்படிக்கையாலும் சட்டத்தாலும் அது ஆக்கப்பட்டது. ஆக்கப்பட்ட மலிவு, நாடி வருவோர் பெருகுந்தோறும் தேய்ந்தது. நியூ இங்கிலாந்தின் ஊர்ச்சபைகள் நிலப்பங்கீட்டுக்குப் புதுவழி காணாது, பிள்ளைகளை வெளியே அனுப்பி நெருக்கடியைத் தள்ளிப்போட்டன. மேற்கே இடமிருந்த வரை அவ்வழி செல்லுபடியாயிற்று. கலிபோர்னியாவைவிட்டு வண்டியேறும் இன்றைய தம்பதியர் பசிபிக் கடலைப் பின்னே விட்டுக் கிழக்கு நோக்கித் திரும்புகின்றனர். மேற்கே செல்ல இனி நிலம் இல்லை. சென்ற இடத்தையும் விலை பின்தொடரும் என்பதை ஒகையோவின் வரலாறு முன்னமே கூறியுள்ளது. ஆகவே எங்கே மலிவு என்ற வினாவோடு நில்லாது, பிறந்த ஊர் தன் பிள்ளைகளுக்கு ஏன் எட்டாததாயிற்று என்ற வினாவையும் எழுப்புதல் வரலாறு கற்போர் கடனாகும்.